லாபத்தில் இருக்கும்போதே கூகுள் 12,000 பேரை நீக்கியது ஏன்? வேலை தெரியாதவர்களைத்தான் அனுப்பினார்களா?

இல்லை. அப்படி நினைப்பது போனவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

2019 முடிவில் தாய் நிறுவனமான ஆல்பபெட்டில் ஏறத்தாழ 1,19,000 பேர் இருந்தார்கள். 2022 முடிவில் 1,90,000. கொரோனா காலத்தில் ஊர் உலகமே இணையத்தில் கிடந்தது, விளம்பர வருமானம் எகிறியது, அமெரிக்காவில் வட்டி கிட்டத்தட்ட பூஜ்ஜியம், இதெல்லாம் அப்படியே நீடிக்கும் என்று நம்பி ஆள் எடுத்துக்கொண்டே போனார்கள். 2022இல் வட்டி மளமளவென்று ஏறியது, விளம்பர வளர்ச்சி படுத்தது, செலவைக் குறையுங்கள் என்று முதலீட்டாளர்கள் நெருக்கினார்கள். 2023 ஜனவரி 20 அன்று, 12,000 பேரை நீக்குவதாகத் தலைவர் சுந்தர் பிச்சையின் மின்னஞ்சல் வந்தது. இந்த நிலைக்குக் கொண்டுவந்த முடிவுகளுக்கு முழுப் பொறுப்பும் தன்னுடையது என்று அதில் எழுதியிருந்தார். ஆனால் வேலை போனது மற்றவர்களுக்கு. 2022இல் நிறுவனத்தின் லாபம் கிட்டத்தட்ட 6,000 கோடி டாலர். 2023 ஏப்ரலிலேயே தன் பங்குகளைத் தானே திரும்ப வாங்க 7,000 கோடி டாலர் வரை ஒதுக்கியது! பணம் இல்லாமல் செய்த காரியம் இல்லை இது.

யார் போவது என்பதும் பெரும்பாலும் எந்தப் பிரிவு வேண்டாம் என்பதைப் பொறுத்தே அமைகிறது. ஏரியா 120 என்ற பரிசோதனைப் பிரிவில் இருந்தவர்களில் பெரும்பாலோரை அனுப்பிவிட்டார்கள், அத்தனை பேருமா வேலை தெரியாதவர்கள்?

அமெரிக்காவில் பலருக்குக் காலையில் அலுவலகக் கணக்கு திறக்காதபோதுதான் விஷயமே தெரிந்தது. 16 வாரச் சம்பளம், வேலை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் கூடுதலாக 2 வாரம் கொடுத்தார்கள், அது நல்ல தொகைதான், மறுக்கவில்லை. ஆனால் எச்1பி விசாவில், அதாவது வெளிநாட்டவர் அமெரிக்காவில் வேலை செய்வதற்கான விசாவில் இருப்பவருக்கு வேலை முடிந்த நாளிலிருந்து அதிகபட்சம் 60 நாள், அதற்குள் வேறு வேலை கிடைக்க வேண்டும், இல்லையென்றால் பெரும்பாலும் குடும்பத்தோடு கிளம்ப வேண்டியதுதான்.

நான் வேலைக்கு ஆள் எடுக்கும் பக்கத்தில் உட்காருகிறவன். இப்படி வேலை போய் வந்த ஒருவரிடம் கடைசியாகச் செய்த வேலையைப் பற்றிக் கேட்டால், அதை விட்டுவிட்டு, "சார், என் ரேட்டிங் நன்றாகத்தான் இருந்தது" என்று ஆரம்பிக்கிறார், குரலே இறங்கிவிடுகிறது. கேட்கவே சங்கடமாக இருக்கும். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஆட்குறைப்பில் வேலை போய்விட்டது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு நேராகச் செய்த வேலைக்கு வாருங்கள். அப்புறம் ஒன்று, கூட வேலை செய்கிறவர்களின் எண்களை இன்றே சொந்த போனில் சேமித்து வையுங்கள். அலுவலகக் கணக்கு போனால் அதுவும் சேர்ந்து போய்விடும், அடுத்த வேலைக்குச் சிபாரிசு கேட்க அவர்கள்தான் வேண்டும்.