ஐஎல்-2 ஸ்டுர்மோவிக்: கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

‘ஐஎல்-2 ஸ்டுர்மோவிக்’ என்ற, இரண்டாம் உலகப்போர் விமானங்களை ஓட்டிச் சண்டையிடும் கணினி விளையாட்டை நீங்களும் ஆடுவதாக ஒரு கட்டுரையில் போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். நானும் கல்லூரிக் காலத்திலிருந்து ஆடுகிறேன். என் மகள், “அரை மணி நேரம் பனிக்காட்டு மேல சும்மா பறக்கறீங்க, அப்புறம் எவனோ சுட்டுடறான். இதுல என்னப்பா இருக்கு?” என்கிறாள். எனக்குப் பதில் வரவில்லை. வெறும் பழைய பாசம்தானா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பாசமும் கொஞ்சம் உண்டு. 2001-இல் ஓலெக் மாடக்ஸின் ரஷ்யக் குழு இதை வெளியிட்டபோது, ஜெர்மனியும் சோவியத்தும் மோதிய கிழக்கு முனையில் பறப்பதே புதிதாக இருந்தது. ஆனால் இத்தனை வருடம் தாங்குவதற்குக் காரணம் வேறு. இதில் விமானம் சொன்ன பேச்சைக் கேட்காது.

ஐ-16 என்ற குட்டையான சோவியத் விமானத்தில் சக்கரத்தை மேலே இழுக்க விமானி ஒரு கைப்பிடியை 44 சுற்று சுற்ற வேண்டும். அது வலப்பக்கம் இருந்ததால் ஓட்டும் கோலை இடக்கைக்கு மாற்றிக்கொள்வார்கள். புதியவர் சுற்றும்போது விமானமும் சேர்ந்து ஆடும். விளையாட்டிலும் அதற்கான விசையைத் திரும்பத் திரும்பத் தட்டித்தான் ஆகவேண்டும்.

ஹரிக்கேன் என்ற பிரிட்டிஷ் போர்விமானத்தின் வம்பு வேறு மாதிரி. மூக்கைச் சட்டென்று கீழே அழுத்தினால் அதன் மெர்லின் எஞ்சின் இருமி அடங்கிவிடும். எரிபொருளைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குத் தரும், மிதவை வைத்த கார்புரேட்டர் செய்யும் வேலை. எதிரியான ஜெர்மன் மெஸ்ஸர்ஷ்மிட் 109-இல் எரிபொருள் நேரடியாக உள்ளே பீய்ச்சப்படுவதால் அது அப்படியே பாய்ந்து தப்பிவிடும். பிரிட்டிஷ் விமானிகள் மல்லாக்கப் புரண்டு, பிறகு கோலை இழுத்துத் துரத்தினார்கள். 1941-இல் பியட்ரிஸ் ஷில்லிங் என்ற பொறியாளர் நடுவில் துளையிட்ட சின்ன உலோக வளையத்தால் இதைப் பெருமளவு சமாளித்தார். இதையெல்லாம் புத்தகத்திலும் படிக்கலாம்தான். கைக்கெட்டிய 109 நழுவும்போது எஞ்சின் இருமினால்தான் அந்த வளையத்தின் அருமை தெரிகிறது.

அந்த அரை மணி நேரத்துக்கு வருகிறேன். அப்போது நாம் உயரம் சேர்க்கிறோம். உயரம் கையிருப்பு மாதிரி. அதைக் கொடுத்து வேகம் வாங்கலாம், வேகத்தைக் கொடுத்து மறுபடி கொஞ்சம் உயரம் வாங்கலாம், ஒவ்வொரு திருப்பத்திலும் தரகு போகும். கூடவே வானத்தில் புள்ளி தேட வேண்டும். (திரையைத் துடைத்துவிட்டு உட்காருங்கள். தூசியும் ஃபோக்கே-வுல்ஃப் என்ற ஜெர்மன் விமானமும் தூரத்தில் ஒன்றுதான்.) “எவனோ சுட்டுடறான்” என்று மகள் சொல்வதும் சரிதான். நிஜப் போரிலும் சுட்டவனைப் பார்க்காமலே வீழ்ந்தவர்கள் ஏராளம்.

எனக்கு உறுத்துவது ஒன்று உண்டு. விளையாட்டுக்குப் பெயர் தந்த, தரையைத் தாக்கும் சோவியத் ஐஎல்-2 விமானங்கள் 36,000-க்கும் மேல் தயாராயின. எஞ்சினுக்கும் விமானிக்கும் கனத்த கவசம். பின்னால் சேர்க்கப்பட்ட துப்பாக்கி வீரர் மட்டும் அந்தக் கவசத்துக்கு வெளியே உட்கார்ந்தார், எக்கச்சக்கமாகச் செத்தார். விளையாட்டில் அடுத்த பயணத்துக்கு அதே இருக்கையில் ஓர் ஆள் தயாராக இருப்பார், நாமும் கிளம்பிவிடுவோம்.

இன்னும் 2001 பதிப்பையே வைத்திருந்தால் 2006-இல் வந்த ‘1946’ தொகுப்புக்கு மாறிவிடுங்கள். ஹரிக்கேன், பசிபிக் விமானங்கள் எல்லாம் அதிலேயே இருக்கின்றன.