இரவல் வார்த்தையில் ஜெபிக்கலாமா?

அன்புள்ள ஐயா,

கணவருக்கு வேலை போய் எட்டு மாதம் ஆகிறது. முழங்காலில் நின்றால் எனக்கு வார்த்தை வருவதில்லை. வேதாகமத்தில் இருக்கும் சங்கீதப் பாட்டுகளை வைத்து ஜெபியுங்கள் என்கிறார் எங்கள் போதகர். யாரோ எழுதியதை வாசித்தால் அது என் ஜெபம் ஆகுமா? ‘மனசிலிருந்து வரணும்’ என்றுதானே சொல்லி வளர்த்தார்கள்? அதுவும் சில சங்கீதங்களில் ஒரே சாபம். அதை எப்படிச் சொல்வது?

ம., நாகர்கோவில்

அன்புள்ள சகோதரி,

நானும் அப்படிக் கேட்டு வளர்ந்தவன்தான். மனசு வறண்டு கிடக்கும்போது எங்கிருந்து வரும் என்பதை மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை.

புனித வெள்ளி மும்மணி ஆராதனையில், சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளைக் கேட்டிருப்பீர்கள். அவற்றில் இரண்டு இரவல். ‘என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்’ என்பது 22ஆம் சங்கீதத்தின் தொடக்கம். ஆவியை ஒப்புவிக்கும் கடைசி வார்த்தை 31ஆம் சங்கீதத்தின் ஐந்தாம் வசனம். அதை லூக்கா 23:46-உடன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சங்கீத வசனத்தில் இல்லாத ஒரு சொல்லை இயேசு முன்னால் சேர்க்கிறார்: ‘பிதாவே’. வார்த்தை பழையது, அந்த ஒரு சொல் அவருடையது. நீங்கள் செய்ய வேண்டியதும் அவ்வளவுதான்.

13ஆம் சங்கீதத்தை எடுங்கள். ஆறே வசனம். முதல் இரண்டு வசனத்துக்குள் நான்கு முறை ‘எதுவரைக்கும்’ என்று கேட்கிறான் தாவீது. வாய்விட்டு வாசியுங்கள், கண்ணால் ஓட்டினால் செய்தித்தாள் மாதிரிதான் போகும். ஒவ்வொரு ‘எதுவரைக்கும்’ வந்ததும் நின்று, உங்களுடையதைச் சேருங்கள். எட்டு மாதம் ஆயிற்று என்று சொல்லுங்கள். ‘சத்துரு’ என்ற இடத்தில் ஆள் யாரும் இல்லையென்றால் வீட்டுக்கடன் தவணையைச் சொல்லுங்கள். கர்த்தர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஐந்தாம் வசனத்தில் நம்பிக்கை வருகிறது. அது உங்கள் வாயில் வராவிட்டால் நான்காம் வசனத்தோடு வேதத்தை மூடிவிடலாம். நம் சபைகளில் கண்ணீரோடு தொடங்கும் சாட்சி ஸ்தோத்திரத்தில்தான் முடிந்தாக வேண்டும் என்று எழுதாத சட்டம் ஒன்று இருக்கிறது. 88ஆம் சங்கீதத்துக்கு அது தெரியாது. எபிரெயத்தில் அதன் கடைசிச் சொல்லே ‘இருள்’. அதையும் ஜெபம் என்றுதான் 150 சங்கீதங்களுக்குள் சேர்த்திருக்கிறார்கள்.

சாபத்துக்கு வருகிறேன். எங்கள் வீட்டுக் குடும்ப ஜெபத்தில் ஆளுக்கொரு வசனமாகச் சுற்றி வாசிப்போம். எனக்கு ஏழெட்டு வயது. 137ஆம் சங்கீதத்தின் கடைசி வசனம் என் பங்குக்கு வந்தது. பாபிலோன் சிறையிருப்பில் இருந்த யூதர்களின் பாட்டு அது. பாபிலோனைப் பார்த்துச் சொல்கிறார்கள்: ‘உன் குழந்தைகளைப் பிடித்து, கல்லின்மேல் மோதியடிக்கிறவன் பாக்கியவான்.’ எழுத்துக் கூட்டி முடித்துவிட்டுத் தாத்தாவைப் பார்த்தேன்.

“தாத்தா, இதுக்கும் ஆமென் சொல்லணுமா?”

அம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தாத்தா சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். “நீ சொல்ல வேண்டாம்டா. ஸ்டேஷன்ல போய் மனு எழுதிக் குடுக்கறவன் வாய்க்கு வந்ததை எல்லாம் எழுதுவான். குடுத்துட்டா அருவாளை வீட்டுலயே வெச்சுட்டு வந்துரலாம்ல?” என்றார். பிறகு அவர் மட்டும் மெதுவாக ஆமென் சொன்னார். அந்த வருடம்தான் பங்காளிகளோடு நிலத்தகராறு நடந்துகொண்டிருந்தது.