மெட்டார் எனப்படும் விமான நிலைய வானிலைக் குறியீட்டைச் சாதாரண ஆள் படித்துப் புரிந்துகொள்ள முடியுமா? அதை வைத்து விமானம் தாமதமாகுமா என்று சொல்லலாமா?

தாராளமாகப் படிக்கலாம், ஒரு மாலைப் பொழுது போதும். இரண்டாவது கேள்விக்குத்தான் பதில் கொஞ்சம் இழுக்கும்.

மே மாத மதியம் மீனம்பாக்கத்திலிருந்து வரக்கூடிய ஒரு வரி. உதாரணத்துக்கு நானே எழுதியது. எழுத்துகளை வாயால் சொல்வதுபோலவே தருகிறேன்:

வி.ஓ.எம்.எம். 210730 இசட், 27010 கே.டி., 6000, ஃபியூ 025, 39/19, க்யூ 1003, நோசிக்.

வி.ஓ.எம்.எம். என்றால் சென்னை (திருச்சிக்கு வி.ஓ.டி.ஆர்., யாழ்ப்பாணத்துக்கு வி.சி.சி.ஜே.). அடுத்து 21ஆம் தேதி, 0730 மணி. இசட் என்று போட்டிருப்பதால் இது உலகப் பொது நேரம். ஐந்தரை மணி கூட்டினால் நமக்குப் பகல் 1 மணி. புதிதாகப் பார்க்கிறவர்கள் வழுக்குகிற இடம் இதுதான். விடியற்காலையில் பார்த்தால் தேதியே முந்தின நாளாக இருக்கும், பழைய தகவல் என்று மூடிவிடுவார்கள்.

27010 என்பது 270 பாகையிலிருந்து, அதாவது மேற்கேயிருந்து, 10 நாட் வேகத்தில் வரும் காற்று. கே.டி. என்பதுதான் நாட், ஒரு நாட் மணிக்குச் சுமார் 1.85 கிலோமீட்டர். 6000 பார்வைத் தூரம், மீட்டரில். 9999 என்று போட்டிருந்தால் 10 கிலோமீட்டரோ அதற்கு மேலோ. வானத்தை எட்டுப் பங்காக்கி, மேகம் ஒன்றிரண்டு பங்கை மறைத்தால் ஃபியூ, மூன்று நான்கு என்றால் ஸ்கேட்டர்ட், ஐந்திலிருந்து ஏழு வரை புரோக்கன், முழுக்க மூடினால் ஓவர்காஸ்ட். கூடவே வரும் 025, மேகத்தின் அடிப்பகுதி 2500 அடியில் என்கிறது. க்யூ 1003 காற்றழுத்தம். விமானி தன் உயரமானியில் வைத்துக்கொள்ள வேண்டிய எண், நமக்கு அவ்வளவாகத் தேவைப்படாது.

எனக்குப் பிடித்த பகுதி 39/19. முன்னது வெப்பநிலை, பின்னது பனிநிலை, அதாவது காற்றில் உள்ள ஈரம் குளிர்ந்து நீராகத் தொடங்கும் வெப்பநிலை. இடைவெளி 20 என்றால் காற்று வறட்சி. இதே நாள் இன்னும் ஒன்றரை மணி நேரம் கழித்து 13012 கே.டி., 35/26 என்று வரி மாறியிருந்தால் என்ன அர்த்தம்? மேற்கேயிருந்த காற்று தென்கிழக்குக்குத் திரும்பிவிட்டது, வெயில் நாலு டிகிரி இறங்கியது, ஈரம் எகிறியது. கடற்காற்று மீனம்பாக்கத்தைத் தொட்டுவிட்டது! சில நாட்களில் அது வரவே வராது, அன்றைக்குத்தான் ஊரே வேகும். காற்று இப்படித் திரும்பும்போது, அதுவரை 25ஆம் ஓடுபாதையில் மேற்கு நோக்கி இறங்கிய விமானங்களை மறுமுனையான 07க்கு மாற்றுவார்கள்.

அந்த இடைவெளி சுருங்கிச் சுருங்கி 22/22 ஆகிவிட்டால், காற்றும் அசையாவிட்டால், மூடுபனிக்குத் தயாராகலாம். பார்வை 1000 மீட்டருக்குக் கீழே போனால் எஃப்.ஜி., மூடுபனி. 1000க்கும் 5000க்கும் இடையே என்றால் பி.ஆர்., லேசான பனிமூட்டம். எச்.இசட். தூசு மங்கல், எஃப்.யூ. புகை. போகி காலையில் சென்னையில் பனியும் புகையும் கைகோத்துக்கொள்ளும். 2018 போகியன்று விமானங்கள் தாமதமாகி, சில வேறு ஊர்களுக்கே திருப்பிவிடப்பட்டன.

இனி தாமதக் கணக்கு. ஆர்.ஏ. மழை. முன்னால் கழித்தல் குறி இருந்தால் தூறலாகப் பெய்யும் மழை, கூட்டல் குறி இருந்தால் கொட்டுகிறது. கழித்தல் ஆர்.ஏ.வைப் பார்த்துப் பதறவே வேண்டாம், விமானங்கள் அதில் சாதாரணமாக ஏறி இறங்கும். நான் தேடுவது டி.எஸ். என்ற இடிமழையையும், மேக உயரத்தோடு ஒட்டிவரும் சி.பி. என்ற இரண்டெழுத்தையும். அது இடிமேகம். ஓடுபாதைக்கு மேலே அது நின்றால் விமானங்கள் வானத்திலேயே வட்டமடிக்கும், பெங்களூருக்குப் போனாலும் போகும். அடுத்தது பார்வைத் தூரம். கருவிகள் வழிகாட்ட விமானத்தை இறக்கும் முறையின் அடிப்படையான முதல் வகைக்கு ஓடுபாதையில் குறைந்தது 550 மீட்டர் தெரிய வேண்டும். ஆக 1500 மீட்டர் பனிமூட்டத்தைக் கண்டு கலங்க வேண்டியதில்லை, 300 என்றால் வீட்டிலிருந்து கிளம்பும் முன் விமான நிறுவனத்துக்குப் போன் போடுங்கள்.

ஒன்றை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். மெட்டார் அந்த நிமிடம் அந்த ஓடுபாதை வட்டாரத்தில் கண்டதைச் சொல்வது. பல்லாவரத்தில் பெய்வது அதில் இருக்கும், அண்ணாநகரில் பெய்வது இருக்காது. கடைசியில் உள்ள நோசிக், 'குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை' என்பது, அடுத்த இரண்டு மணி நேரத்துக்கு மட்டுமே செல்லும். இரவு 9 மணிக்கு நோசிக் பார்த்துவிட்டு மறுநாள் காலை 5 மணி விமானத்துக்கு நிம்மதியாகத் தூங்க முடியாது. அதற்கு டாஃப் என்ற முன்னறிவிப்பு தனியாக வருகிறது. சுருக்கெழுத்துகள் பெரும்பாலும் இதே தான், மெட்டார் பழகியவருக்கு அதுவும் படிந்துவிடும்.