கரண்ட் வைத்து 3 வருஷம் கழித்து ரத்தம் போகிறதே, டாக்டர்?

கேள்வி: எனக்கு 54 வயது. 3 வருஷத்துக்கு முன் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு 25 தடவை வெளியிலிருந்து கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வைத்தார்கள். பிறகு உள்ளே குழாய் வைத்தும் கொடுத்தார்கள். நோய் போய்விட்டது என்றார்கள். ஆனால் ஒரு வருஷமாக மலத்தோடு ரத்தமும் சளியும் போகிறது. வந்தால் அடக்க முடியவில்லை, டவுன் பஸ்ஸில் ஏறவே பயமாக இருக்கிறது. மூலம் என்று நினைத்து களிம்பு போட்டேன், கேட்கவில்லை. காய்கறி, காரம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு கஞ்சிதான் குடிக்கிறேன். ஹீமோகுளோபின் 8.2. நோய் திரும்பிவிட்டதா? என் நாத்தனாருக்கும் இதே நோய்க்கு ஆபரேஷன் செய்து, இப்போது கரண்ட் வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். என் நிலைமையைப் பார்த்து மாட்டேன் என்கிறார். அவருக்கு என்ன சொல்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: ஒரு வருஷமாக இதை யாரிடமும் சொல்லாமல் தாங்கியிருக்கிறீர்களே அம்மா, அதுதான் எனக்கு வருத்தம். என் ஓ.பி.யிலும் இப்படித்தான். ‘வயிறு சரியில்லை’ என்று ஆரம்பிப்பார்கள். கூட வந்தவர் வெளியே போன பிறகுதான் சேலையில் பட்டுவிடுகிற கதை வரும்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் கரண்டின் பின்விளைவாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். கர்ப்பப்பை வாய்க்கு நேர் பின்னால், விரல் நுழையாத இடைவெளியில் மலக்குடல் இருக்கிறது. புற்றுநோயைக் கொல்லும் கதிர் அதன் முன்சுவர் மேலும் படும். அங்குள்ள மெல்லிய ரத்தக் குழாய்கள் மெதுவாக அடைபடும். அதை ஈடுகட்டப் புதிதாக முளைக்கும் குழாய்கள் சிலந்திக்கால் போல மெலிந்தவை, மலம் உரசினாலே கசியும். இதெல்லாம் நடக்க மாதங்கள் ஆகும், வருஷங்களும் ஆகலாம். சுவர் விறைத்துப் போவதால் குடல் விரிந்து கொடுக்காது. கொஞ்சம் மலம் இறங்கினாலும் உடனே போயாக வேண்டும் என்ற அவசரம் அதனால்தான்.

ஆனாலும் என் ஊகத்தை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். 54 வயதில் மலத்தில் ரத்தம் போனால் பெருங்குடல் முழுவதையும் கொலனோஸ்கோப்பி (ஆசனவாய் வழியாகக் கேமரா குழாய் விடும் ஸ்கோப்) செய்து பார்த்தே ஆக வேண்டும். ஸ்கோப் செய்கிற டாக்டரிடம் முதல் வார்த்தையாக ‘எனக்கு இடுப்பில் கரண்ட் வைத்திருக்கிறது’ என்று சொல்லுங்கள். பழைய டிஸ்சார்ஜ் ஃபைலையும் காட்டுங்கள். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. ரத்த ஓட்டம் குறைந்த அந்த முன்சுவரில் பரிசோதனைக்குச் சதை எடுத்தால் காயம் எளிதில் ஆறாது. சிலருக்கு அது புண்ணாகி, பிறப்புறுப்புக்கும் மலக்குடலுக்கும் நடுவே ஓட்டையே விழுந்திருக்கிறது. விஷயம் தெரிந்த டாக்டர் சந்தேகம் இருந்தால் ஒழிய அங்கே கை வைக்க மாட்டார்.

கரண்ட் புண்தான் என்று உறுதியானால் முதல் மருந்து எளிமையானது. அல்சருக்குக் குடிக்கிற சுக்ரால்ஃபேட் மருந்தையே ஆசனவாய் வழியாக ஏற்றுவது. சண்டிகர் பி.ஜி.ஐ. மருத்துவமனை மருத்துவர்கள் இதை ஸ்டீராய்டு சிகிச்சையோடு ஒப்பிட்டு 1991-லேயே வெளியிட்டார்கள். சுக்ரால்ஃபேட்தான் நன்றாகக் கேட்டது. 2 கிராம் மருந்து கலந்த 20 மி.லி., காலையிலும் ராத்திரி படுக்கும்போதும். ஊசி இல்லாத சிரிஞ்சில் மெல்லிய ரப்பர் குழாயை மாட்டி, நுனியில் ஜெல் தடவி, இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு நிதானமாக ஏற்ற வேண்டும். பிறகு குப்புற, வலது பக்கம், மல்லாக்க என்று கொஞ்ச நேரம் திரும்பிப் படுத்தால் சுவர் முழுக்க ஒட்டும். முதல் தடவை நர்ஸ் கையால் செய்து காட்டச் சொல்லுங்கள், அப்புறம் நீங்களே செய்துகொள்ளலாம். பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும், நடுவில் விட்டுவிடாதீர்கள். அதற்கும் ரத்தம் நிற்காவிட்டால் ஸ்கோப் வழியாக ஆர்கான் வாயுவால் அந்தக் குழாய்களைச் சுட்டு அடைக்கலாம். அதிலும் புண் வரும் ஆபத்து உண்டு என்பதால் எடுத்த எடுப்பில் அதற்குப் போக வேண்டாம்.

கஞ்சியை மட்டும் குடித்து ரத்தத்தைக் கூட்ட முடியாது. முட்டை, மீன், பருப்பு, நன்றாக வெந்த காய் எல்லாம் சாப்பிடுங்கள். பச்சைக் காய்கறியைக் கொஞ்ச நாள் தள்ளி வைத்தால் போதும். ஹீமோகுளோபின் 8.2-க்கு இரும்புச்சத்து மாத்திரை கட்டாயம். அதனால் மலம் கறுத்துப் போகும், பயப்படாதீர்கள். வயிறு ஒத்துக்கொள்ளாவிட்டால் ஊசியாகப் போடலாம். பஸ்ஸில் போக வேண்டிய நாளில் பேதியைக் கட்டுப்படுத்தும் லோபரமைடு மாத்திரை உதவும். அதுவும் ஸ்கோப் பார்த்த பிறகு, டாக்டர் சொல்கிற அளவில்தான். ஆசனவாயை இறுக்கிப் பிடித்து விடும் பயிற்சியைத் தினமும் செய்யுங்கள். தண்ணியாகப் போவதும் சேர்ந்திருந்தால் அதைத் தனியாகச் சொல்லுங்கள். சிறுகுடலிலும் கதிர் பட்டு பித்த உப்பு உறிஞ்சப்படாமல் வருவதாக இருக்கலாம், அதற்கு வேறு மருந்து.

வயிறு உப்பி வாந்தி எடுத்தாலோ, பிறப்புறுப்பு வழியாகக் காற்றோ மலமோ வந்தாலோ, மயக்கம் வந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

நிறையப் பேருக்கு இந்த ரத்தக் கசிவு ஓரிரு வருஷத்தில் தானாகவே குறைகிறது. விறைத்த சுவர் பழையபடி இளகாது. ஆனால் அந்த அவசரத்தைக் கட்டுக்குள் கொண்டுவந்து பஸ் ஏறி வேலைக்குப் போகிற பெண்கள் என்னிடம் இருக்கிறார்கள்.

உங்கள் நாத்தனார் கரண்ட் வேண்டாம் என்பதுதான் உங்கள் கடிதத்திலேயே என்னை அதிகம் கவலைப்பட வைக்கிறது. நோய் திரும்பாமல் இருக்கத்தான் ஆபரேஷனுக்குப் பிறகு அதைச் சொல்லியிருக்கிறார்கள். மும்பை டாடா நினைவு மருத்துவமனை, கர்ப்பப்பை எடுத்த 300 பெண்களிடம் நடத்திய ஆய்வை 2021-ல் வெளியிட்டது. பழைய முப்பரிமாண முறையில் 3 வருஷத்துக்குள் ஓரளவோ அதற்கு மேலோ குடல் பாதிப்பு வந்தவர்கள் சுமார் 42 சதவீதம். தினமும் படம் பார்த்துக் குடலை ஒதுக்கிக் கதிர் செலுத்தும் ஐ.எம்.ஆர்.டி. முறையில் அது 21 சதவீதம்தான். ‘எனக்கு ஐ.எம்.ஆர்.டி. கிடைக்குமா?’ என்று அவரையே டாக்டரிடம் கேட்கச் சொல்லுங்கள். முடிந்தால் நீங்களும் கூடப் போங்கள். அங்கே இல்லை என்றால் எந்த ஊரில் கிடைக்கும் என்று விசாரியுங்கள், அதற்காகத் தேதியை மட்டும் தள்ளிப் போட வேண்டாம்.