பாட்டோடு ஆங்கிலம்: வாசகர் கேள்வி – பதில்

பிள்ளைகள் ஆங்கிலப் பாட்டை மளமளவென்று பாடிவிடுகிறார்கள். அதில் ஒரு வரியைப் பேச்சாகச் சொல்லச் சொன்னால் வாய் திறப்பதில்லையே?
– டியூஷன் ஆசிரியை, ரங்கூன்

அவர்களுக்கு மனப்பாடம் ஆனது மெட்டு. அதை எடுத்தால் சொல்லும் கூடவே போய்விடும். நான்கு வரிப் பாட்டு போதும். முதலில் மெட்டோடு இரண்டு தடவை. அடுத்து மெட்டில்லாமல், கைதட்டலுக்கு மட்டும். பிறகு அதுவும் வேண்டாம், பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துச் சொல்லட்டும். கடைசியில் ஒரு சொல்லை மாற்ற வேண்டும். 'ஷீ வாஷ்ட் த கப்ஸ்' என்ற வரியில் கோப்பைக்குப் பதில் தட்டு வரட்டும். இதை விட்டால் முன்னால் செய்தது எல்லாம் வீண்.

அதே வரியில் சொற்களின் முடிவைக் காது கொடுத்துக் கேளுங்கள். பர்மியச் சொல் 'ஷ்ட்', 'ப்ஸ்' என்று முடியாது. அதனால் பர்மியம் பேசி வளர்ந்த பிள்ளை வாலை விழுங்கிவிடும். வீட்டில் தமிழ் பேசும் பிள்ளையோ 'கப்பு' என்று உகரம் சேர்க்கும். பாடும்போது உயிரொலி நீள்வதால் இரண்டு பிழையும் மறைந்துகொள்ளும். நன்றாகப் பாடுகிறார்கள் என்று நாமும் ஏமாந்துபோவோம். 'வாஷ்ட் இட்' என்று வரியை மாற்றிப் பாடவிடுங்கள். 'ட்' அடுத்த உயிரின் மேல் ஏறி 'டிட்' என்று தெளிவாக விழும். புணர்ச்சி இலக்கணம் படித்தவர்களுக்கு இது புதிதில்லை.

பாட்டைக் கேட்டு, விடுபட்ட சொல்லை எழுதச் சொன்னால் பாதிப் பேர் வெறுந்தாள் தருகிறார்கள்.
– ஆசிரியர், மோல்மேன்

பெரும்பாலும் கோளாறு தாளில்தான். வரிக்கு வரி இடம் விட்டால், ஒன்றை எழுதுவதற்குள் அடுத்தது ஓடிவிடும். 12 வரிக்கு 6 இடம் போதும். அதுவும் வரியின் கடைசியில் இருந்தால், பாடகர் மூச்சு வாங்கும் நேரத்தில் எழுதலாம். 'ஆஃப்', 'த' போன்றவற்றை விடுபட வைக்காதீர்கள்; பாட்டில் அவை பாதிதான் கேட்கும். மூன்று தடவை போடுங்கள், முதல் தடவை பேனாவைத் தொடக் கூடாது.

வரிகளைத் தமிழெழுத்தில் எழுதிக் கொடுக்கலாமா?
– வாசகி, பெகு

வேண்டாம். 'பேக்' என்று எழுதினால் முதுகா, பையா? (இங்கே நாங்கள் எழுதுவது பெரியவர்களுக்கு என்பதால் தப்பித்தோம்.)

பாட்டு வைத்தால் பாடம் முடியாது என்கிறார் தலைமை ஆசிரியர்.
– ஆசிரியை, ரங்கூன்

அவர் பயத்திலும் நியாயம் உண்டு. பாட்டு பாடவேளையின் கடைசியில்தான் என்று ஒரு சாரார். தொடக்கத்தில் வைத்தால் பிறகு வகுப்பை அடக்க முடியாது என்பது அவர்கள் வாதம். எங்கள் கட்சி வேறு: 45 நிமிடத்தில் முதல் 10 நிமிடம், அன்றைய இலக்கணம் அந்த வரியிலேயே இருக்க வேண்டும். இறந்தகாலப் பாடத்தன்று 'வாஷ்ட்', 'குக்ட்' வராத பாட்டு எதற்கு? கரண்ட் இல்லாவிட்டால் நீங்களே பாடுங்கள். குரல் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை. போன் ஸ்பீக்கரில் 'ஸ்', 'ட்' ஒலிகள் பின்வரிசைக்கு எட்டுவதே இல்லை. உங்கள் வாயைப் பார்த்தால் அவர்களுக்குப் பாதி புரிந்துவிடும்.