கீழ் டிவிஷன் கால்பந்து கிளப் என்றால் என்ன? அது மேலே வர முடியுமா?

முடியும். இங்கிலாந்தில் லீக்குகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. உச்சியில் பிரீமியர் லீக். ஒவ்வொரு சீசன் முடிவிலும் முன்னணியில் வந்தவர்கள் ஓர் அடுக்கு ஏறுவார்கள், கடைசியில் நின்றவர்கள் இறங்குவார்கள். கீழ் அடுக்குகளில் ஆடுவதுதான் கீழ் டிவிஷன் கிளப்.

நம் டெல்டாக்காரர்களுக்கு இது சுலபமாகப் புரியும். மேட்டூர் தண்ணீர் தலைமடைக்கு முதலில் வரும், கடைமடைக்கு மிச்சம்தான். டிவி பணமும் விளம்பரமும் அப்படித்தான் பாய்கின்றன. ஆனால் கடைமடை வயல் இடம் மாறாது, கிளப் மாறலாம்.

எனக்கு மிகப் பிடித்த உதாரணம் ஏஎஃப்சி விம்பிள்டன். 2002-இல் விம்பிள்டன் கிளப்பை லண்டனிலிருந்து மில்டன் கீன்ஸ் நகருக்கு மாற்ற அனுமதி கிடைத்தது. ரசிகர்கள் கொதித்துப்போய் தாங்களே புது கிளப் தொடங்கினார்கள். ஆள் எடுக்க ஊர்ப் பொதுவெளியில் தேர்வு வைத்தார்கள்! ஒன்பதாம் அடுக்கில் ஆரம்பம். 2003 முதல் 2004 வரை 78 லீக் ஆட்டங்கள் தோல்வியே இல்லை. ஒன்பதே சீசனில் ஐந்து முறை ஏறி, 2011-இல் நான்காம் அடுக்குக்கு வந்தார்கள். 2016-இல் மூன்றாம் அடுக்கு. அப்புறம் 2020-இல், பழைய மைதானம் இருந்த பிளவ் லேன் தெருவிலேயே புது மைதானம்.

இதற்குக் காரணம் பணக்கார முதலாளி இல்லை. ஊரே கூடி வாய்க்கால் தூர்வாரும் நம் குடிமராமத்து மாதிரி, ரசிகர்களே உரிமையாளர்களாக இருந்து இழுத்த தேர் அது.

கீழ் டிவிஷன் என்றாலே சும்மா பொழுதுபோக்குக்கு ஆடுபவர்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு: இங்கிலாந்தின் மூன்றாம், நான்காம் அடுக்குகளில் ஆடுபவர்கள் சம்பளம் வாங்கும் முழுநேர ஆட்டக்காரர்கள்.