கார்பல் டனல்: பகலில் போடும் பெல்ட்டை இரவில் போடுங்கள்

கேள்வி: வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறேன், வயது 44. நடுராத்திரியில் வலது கை மரத்துப்போய் விழிப்பு வருகிறது, உதறினால்தான் சரியாகிறது. கார்பல் டனல் என்றார் டாக்டர். மணிக்கட்டு பெல்ட் போட்டுக்கொண்டுதான் தைக்கிறேன், பந்தை அமுக்கும் பயிற்சியும் செய்கிறேன். வலி கூடத்தான் செய்கிறது. என்ன செய்வது?

பதில்: முதலில் அந்தப் பந்தை எடுத்து வைத்துவிடுங்கள். மணிக்கட்டு எலும்புகளுக்கும் அவற்றின் மேல் ஓடும் கெட்டியான நார்ப்பட்டைக்கும் நடுவே ஒரு குறுகலான வழி இருக்கிறது, அதுதான் கார்பல் டனல். விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும் மீடியன் நரம்பும் அதற்குள்தான் நெருக்கியடித்துப் போகின்றன. இறுக்கிப் பிடித்தாலும் மணிக்கட்டை மடக்கினாலும் உள்ளே அழுத்தம் ஏறி நரம்பு நசுங்கும். தூக்கத்தில் நம்மை அறியாமல் கையை மடக்கிக்கொள்வோம், ராத்திரித் தொல்லை அதனால்தான் அதிகம்.

ஆகவே பெல்ட் முக்கியமாக இரவுக்குத்தான். அதைப் போட்டுக்கொண்டு தைத்தால் கை பெல்ட்டோடு மல்லுக்கட்டும். தினமும் படுக்கும்போது போடுங்கள், குறைந்தது 6 வாரம். அதற்கு முன் ஒரு வேலை: உள்ளே இருக்கும் உலோகப் பட்டையை உருவிப் பாருங்கள். கடையில் கிடைக்கும் பலவற்றில் அது மணிக்கட்டைப் பின்னால் வளைக்கும்படி இருக்கும். மேஜையில் வைத்து அமுக்கி, கிட்டத்தட்ட நேராக்கிச் செருகுங்கள். போட்ட பிறகு புறங்கையும் முன்கையும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும், விரல்கள் தாராளமாக மடங்க வேண்டும்.

தையலை விடச் சொல்லமாட்டேன், அது உங்கள் வருமானம். கத்தரிக்கோலைச் சாணை பிடியுங்கள். மழுங்கிய கத்தரிதான் கையைப் பிழிகிறது. துணியை மேஜையில் பரப்பி வெட்டுங்கள். ஹெம்மிங், கொக்கி வைக்கிற வேலையை மொத்தமாகச் சேர்த்து வைத்து ஒரே மூச்சில் முடிக்காமல், மெஷின் வேலையோடு மாற்றி மாற்றிச் செய்யுங்கள். அப்புறம், ஈரத்துணி பிழிவதை வீட்டில் வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும்.

பயிற்சி என்றால் விரல்களை நேராக நீட்டி, கொக்கிபோல் மடக்கி, மறுபடி நீட்டி, மென்மையாக மூடுவது போதும். கை மரத்துப்போனால் நிறுத்திவிடுங்கள். ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளுக்கான பயிற்சி தரும் நிபுணர்) ஒருவரிடம் ஒருமுறை நேரில் கற்றுக்கொள்வது நல்லது. சர்க்கரையும் தைராய்டும் பார்த்தீர்களா? இரண்டுமே இதைக் கிளப்பிவிடும்.

பகலிலும் மரப்பு போகாமல் இருந்தாலோ, பிடித்த ஊசி நழுவினாலோ, கட்டைவிரலின் அடிமேடு வற்றத் தொடங்கினாலோ 6 வாரம் காத்திருக்காதீர்கள். உடனே டாக்டரைப் பார்த்து நரம்புப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அறுவைசிகிச்சை என்றால் பயப்படவும் வேண்டாம். அந்த நார்ப்பட்டையை வெட்டி நரம்புக்கு இடம் கொடுப்பார்கள், பெரும்பாலும் அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். வற்றிப்போன தசை முழுதாகத் திரும்பும் என்று சொல்ல முடியாது, அதனால்தான் அவசரப்படுத்துகிறேன்.